ஸ்டாக்ஹோமை வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் வட ஐரோப்பியத் தலைநகரங்களைச் சேர்த்துக் கட்டிய சுற்றுலாத் திட்டங்கள் நம் சிங்கப்பூரில் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பகல், சிலவற்றில் அரைப் பகல். நகர மண்டபம், அரண்மனை, பழைய நகரம் என்று எல்லாப் பெயரும் திட்டத்தில் இருக்கும். பக்கத்திலேயே சிறிய எழுத்தில் ‘வெளியிலிருந்து பார்வை’ என்றும் இருக்கும். அந்தச் சிறிய எழுத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பதினான்கு தீவுகளின்மேல் பரவிக் கிடக்கும் ஊர் அது. ஒரு பக்கம் மேலாரன் ஏரியின் நன்னீர், மறு பக்கம் பால்டிக் கடல். பேருந்துச் சன்னல் வழியாகவே படம் பிடிக்கத் தோன்றும். ஆனால் அந்த ஊர் தன் செல்வத்தைச் சுவருக்குள் வைத்திருக்கிறது. வெளியே வெறும் செங்கல், உள்ளே பொன் மண்டபம். வெளியே பெரிய கொட்டகை போன்ற கட்டடம், உள்ளே 17ஆம் நூற்றாண்டுப் போர்க்கப்பல் முழுசாக நிற்கிறது. இருபது நிமிடம் இறங்கிப் படமெடுத்துவிட்டு வண்டியேறுவது, சிதம்பரம் வரை போய்க் கோபுரத்தோடு திரும்புவதற்குச் சமம்.

முதலில் நகர மண்டபம். ராக்னார் ஓஸ்ட்பெர்க் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, 1923ல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 80 லட்சம் செங்கற்கள், 106 மீட்டர் கோபுரம், அதன் உச்சியில் மூன்று பொற்கிரீடங்கள். உள்ளே நுழைந்ததும் வருவது ‘நீல மண்டபம்’. அங்கே நீலமே கிடையாது. சுவருக்குப் பூச்சுப் பூசி நீலம் அடிப்பதாகத்தான் ஓஸ்ட்பெர்க் முதலில் நினைத்திருந்தார். செங்கல்லின் சிவப்பைப் பார்த்து மனம் மாறி, கல்லின் முகத்தைக் கையால் கொத்தவைத்து அப்படியே விட்டுவிட்டார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1974 முதல் நோபெல் விருந்து இங்கேதான் நடக்கிறது, ஆண்டுதோறும் டிசம்பர் 10ஆம் தேதி, சுமார் 1,300 விருந்தினருடன். மாடியில் ‘பொன் மண்டபம்’. அதன் சுவர்களில் பதித்திருக்கும் மொசைக் சில்லுகள் 1 கோடியே 80 லட்சத்துக்கு மேல். கண்ணாடிக்கு இடையே மெல்லிய தங்கத் தகடு வைத்துச் செய்தவை. வடக்குச் சுவரில் மேலாரன் ஏரியின் அரசி கிழக்கையும் மேற்கையும் இரு பக்கமும் வைத்துக்கொண்டு நடுவில் அமர்ந்திருக்கிறாள்.

இதை ஏன் குழுக்கள் தவறவிடுகின்றன? நகர மண்டபம் இன்றும் இயங்கும் நகராட்சி அலுவலகம். நேரம் குறித்த வழிகாட்டிச் சுற்றில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள், சுமார் 45 நிமிடம். நிகழ்ச்சி இருந்தால் அன்று சுற்று கிடையாது. ஆகவே முன்கூட்டியே நேரம் வாங்கி, பேருந்தின் நேரத்தை அதற்கேற்ப அமைக்க வேண்டும். அதற்கு மெனக்கெடாத திட்டம்தான் ஏரிக்கரைப் புல்வெளியில் ஒரு குழுப் படத்தோடு முடிகிறது. கோபுரம் தனிக் கணக்கு: கோடையில், ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை மட்டும், தனிச் சீட்டு, குறித்த நேரம், உச்சி வரை 365 படி. மின்தூக்கி பாதி வழிக்குத்தான் வரும், மீதியை ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கோபுரத்தை விட்டுவிட்டு மண்டபச் சுற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம், குறை ஒன்றுமில்லை. டிசம்பர் முதல் வாரங்களில் போகிறவர்கள் தேதியைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். நோபெல் விருந்துக்கான ஏற்பாடு நடக்கும் நாட்களில் சுற்றுகள் நிறுத்தப்படும்.

அடுத்தது வாசா என்ற பழைய போர்க்கப்பலை வைத்திருக்கும் அருங்காட்சியகம். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஒதுக்குவது வீண் என்று நான் சொல்வது இந்த ஓர் இடத்துக்குத்தான்.

சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடோல்ஃபின் கட்டளையில் கட்டிய போர்க்கப்பல் அது. 64 பீரங்கிகள், மூக்குக் கம்பத்தோடு சேர்த்து 69 மீட்டர் நீளம். பின்புறம் மட்டுமே ஏறக்குறைய ஆறு மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கட்டடத்தின் உயரம். 1628 ஆகஸ்ட் 10ஆம் தேதி முதன்முதலாகப் பாய் விரித்து, சுமார் 1,300 மீட்டர் போனதும் மூழ்கியது. காரணத்தைப் பிள்ளைகளுக்கு அங்கேயே நின்று விளக்கலாம். பீரங்கித் தட்டுகள் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. அதற்கும் மேலே உயரமான பின்கட்டும் நூற்றுக்கணக்கான மரச் சிற்பங்களும். நீருக்கு மேலே பாரம் மிகுந்துவிட்டது. அடியில் நிலைநிறுத்த இட்ட கல் சுமார் 120 டன்தான். இன்னும் கல் போட்டிருக்கலாமே என்று கேட்பார்கள். போட்டிருந்தால் கப்பல் இன்னும் தாழ்ந்து, கீழ்த்தட்டின் பீரங்கிச் சாளரங்கள் நீர்மட்டத்தை நெருங்கியிருக்கும். புறப்படும் முன்பே துறைமுகத்தில் 30 பேரைத் தளத்தின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே ஆட்டம் அதிகமாகிவிட, சோதனையை நிறுத்தினார்கள். கப்பலைக் கிளப்புவதை யாரும் நிறுத்தவில்லை. மரியாதை வேட்டுக்காகத் திறந்து வைத்த சாளரங்கள் வழியாகத் தண்ணீர் புகுந்தது, ஒரு காற்று வீச்சு போதுமாக இருந்தது. சுமார் 30 பேர் இறந்தார்கள். விசாரணை நடந்தது, யாரும் தண்டிக்கப்படவில்லை.

தச்சர்கள் வைத்திருந்த அளவுகோல்கள் கப்பலுக்குள்ளேயே கிடைத்தன. சில சுவீடிஷ் அடி, சில ஆம்ஸ்டர்டாம் அடி. முன்னதில் 12 அங்குலம், பின்னதில் 11. கப்பலின் இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லாததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். தொடக்கநிலை ஐந்தில் அளவு படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

மரம் 333 ஆண்டு நீருக்குள் எப்படித் தாங்கியது என்பது நம்மைப் போன்ற வெப்பக்கடல்காரர்களுக்குச் சுவையான செய்தி. நம் கடல்களில் மூழ்கிய மரக்கலத்தைக் கப்பல்புழு தின்றுவிடும். சிங்கப்பூர் ஆற்றோரத்து ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் தாங் வம்சக் காலக் கப்பலின் பீங்கான் சரக்கைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நாம் பார்ப்பது சரக்கு. வாசாவில் மரக்கலமே கண்முன் நிற்கிறது. பால்டிக் கடலில் உப்பு மிகக் குறைவு, அந்தப் புழு அங்கே வாழாது. ஆண்டர்ஸ் ஃபிரான்சென் என்பவர் 1956ல் கப்பல் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். முக்குளிப்பவர்கள் நீரைப் பீய்ச்சிச் சேற்றில் ஆறு சுரங்கம் குடைந்து, கப்பலின் அடியில் எஃகு வடம் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார்கள். 1961 ஏப்ரல் 24ல் கப்பல் மேலே வந்தது. காய்ந்தால் மரம் சுருங்கி வெடிக்கும் என்பதால் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளைக் கரைத்துப் பதினேழு ஆண்டுகள் மேலே தெளித்துக்கொண்டே இருந்தார்கள். இப்போது பார்க்கும் மரத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் அசல்.

உள்ளே வெளிச்சம் மங்கல், வெப்பநிலை 18 முதல் 20 டிகிரி. காரணம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் மழைக் கோடையில் ஈர உடையோடு வந்த கூட்டத்தால் காற்றில் ஈரப்பதம் ஏறி, மரத்துக்குள் இருந்த கந்தகம் அமிலமாகி, பலகைகளின் மேல் உப்புப் படிவுகள் பூத்தன. அதன்பிறகுதான் காற்றின் ஈரத்தை 55 விழுக்காடு அளவில் கட்டிக் காக்கும் ஏற்பாட்டைப் புதுப்பித்தார்கள். எனவே ஒரு மேலாடை கையில் இருக்கட்டும்; கைப்பேசிப் படம் சரியாக வராவிட்டால் வருந்த வேண்டாம். 17 நிமிடக் குறும்படத்தை முதலில் பாருங்கள். பிறகு மேல் தளங்களுக்கு ஏறிப் பின்புறச் சிற்பங்களை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, கடைசியில் கீழே இறங்கி அடிமரத்தையும், இறந்தவர்களின் எலும்புகளைக் கொண்டு முகம் மீட்டுருவாக்கிய பகுதியையும் பார்க்கலாம். பலர் நுழைவுத் தளத்தோடு திரும்பிவிடுகிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 8.30க்குத் திறக்கும். சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிறைவதற்கு முந்தைய அந்த ஒன்றரை மணி நேரம் பொன்னானது. மற்ற மாதங்களில் 10 மணிக்குத் திறந்து 5 மணிக்கு மூடுவார்கள், புதன்கிழமை மட்டும் இரவு 8 வரை. 18 வயது வரை கட்டணமில்லை. பல இடங்களுக்குச் சேர்த்து விற்கும் சுற்றுலா அட்டையைப் பிள்ளைகளுக்கும் வாங்குமுன் இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

பழைய நகரமான காம்லா ஸ்தானில் நடக்கத்தான் வேண்டும். நடைபாதை முழுக்க உருண்டைக் கல் பாவியது. தள்ளுவண்டியின் சிறு சக்கரமும் குதிகால் உயர்ந்த காலணியும் அங்கே சிரமம் தரும். மார்ட்டன் துரோட்சிக் சந்து மிகக் குறுகிய இடத்தில் 90 சென்டிமீட்டர்தான், 36 படி. நடுவில் உள்ள பெரிய சதுக்கத்தில்தான் 1520 நவம்பரில் டென்மார்க் மன்னர் இரண்டாம் கிறிஸ்டியன் 80க்கும் மேற்பட்டோரைக் கொல்லவைத்தார். அங்குள்ள சிவப்பு வீட்டின் முகப்பில் பதித்த ஒவ்வொரு வெள்ளைக் கல்லும் ஒரு தலை என்று கதை சொல்வார்கள். அந்த முகப்பு 1650ஐச் சேர்ந்தது, படுகொலைக்கு 130 ஆண்டு பிந்தியது. பக்கத்துப் பெரிய தேவாலயத்துக்குள், டிராகன் என்ற கற்பனை நாக மிருகத்தைக் குத்தும் புனித ஜார்ஜ் சிற்பம் 1489ல் வைக்கப்பட்டது. அந்த மிருகத்தின் முட்கள் உண்மையான எல்க் மான் கொம்புகள். அரண்மனைக் காவலர் மாற்றம் கோடையில் நாள்தோறும் பகல் 12.15க்கு, ஞாயிறு மட்டும் 1.15க்கு. குளிர்காலத்தில் எல்லா நாளும் நடப்பதில்லை.

அதே சதுக்கத்தில்தான் நோபெல் பரிசு அருங்காட்சியகம், பழைய பங்குச்சந்தைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். மேல்மாடியில் இலக்கியப் பரிசை முடிவு செய்யும் சுவீடிஷ் அகாதெமி கூடுகிறது. உள்ளே கூரையோரம் ஓடும் கம்பியில் பரிசு பெற்றவர்களின் படத் தட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வருகின்றன. உணவக நாற்காலிகளைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். வருகை தந்த பரிசாளர்கள் இருக்கையின் அடியில் கையெழுத்திட்டிருப்பார்கள். பணியாளர்களே திருப்பிப் பார்க்கச் சொல்வார்கள், தயக்கம் வேண்டாம். செப்டம்பர் முதல் மே வரை திங்கட்கிழமை மூடியிருக்கும் வழக்கம் உண்டு.

பரிசு கொடுக்கும் இடம் இதுவல்ல என்பது நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை. அது ஹேடோரியெத் சந்தைச் சதுக்கத்தில் உள்ள நீல நிற இசையரங்கம், 1926ல் திறந்தது. திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1930 டிசம்பர் 10ல் இயற்பியல் பரிசைக் கையில் வாங்கியது இங்கே. அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983ல் வாங்கியதும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009ல் வேதியியல் பரிசு வாங்கியதும் இதே மேடையில். மூவருமே தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். மத்திய ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் இந்தக் கட்டடம் எந்தச் சுற்றுலாத் திட்டத்திலும் இல்லாதது எனக்கு வருத்தம் தருகிறது. கார்ல் மில்லஸ் செய்த ஓர்ஃபியஸ் சிற்பக் கூட்டம் வாசலிலேயே நிற்கிறது, முன்னால் பூவும் பழமும் விற்கிறார்கள்.

இனி சுரங்க ரயில். 100 நிலையங்களில் 90க்கும் மேற்பட்டவற்றில் ஓவியமோ சிற்பமோ உண்டு. பாறையைக் குடைந்து, பூச்சு பூசி மறைக்காமல், குகைச் சுவரின் மேலேயே வரைந்திருக்கிறார்கள். நீல வழித்தடத்தில் டி-சென்ட்ராலன் நிலையத்தின் நீலக் கொடிகளைப் பார்த்துவிட்டு, ஒரு நிறுத்தம் தள்ளி குங்ஸ்த்ரேட்கோர்டன். அங்கிருந்து திரும்பி சூல்னா சென்ட்ரம்: செக்கச் சிவந்த வானம், கீழே பச்சைக் காடு, 1975ல் வரைந்தது. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். நீல வழித்தடத்தில் 10, 11 என்று இரண்டு ரயில் ஓடுகின்றன. சூல்னா சென்ட்ரமுக்கு அக்காலா என்று பலகை போட்ட 11தான் போகும். 10இல் ஏறினால் வேறு பக்கம் போய்விடுவீர்கள். சிவப்பு வழித்தடத்தில் வானவில் வரைந்த ஸ்டாடியோனுக்கும் இதே எச்சரிக்கை: 14இல் ஏறுங்கள், 13இல் அல்ல.

சீட்டு ஒன்று 75 நிமிடம் செல்லும். ரயில், பேருந்து, டிராம், வாசா இருக்கும் யூர்கோர்டன் தீவுக்குப் போகும் 82ஆம் எண் படகு எல்லாவற்றுக்கும் அதுவே. வங்கி அட்டையை வாயிலில் தட்டினால் போதும், நம் பெருவிரைவு ரயில்போல வெளியே வரும்போது மறுபடி தட்ட வேண்டியதில்லை. ஒருவருக்கு ஓர் அட்டை. 20 வயதுக்குக் குறைந்தோருக்கும் 65 வயதானோருக்கும் கட்டணம் குறைவு. அதைப் பெற, செயலியிலோ இயந்திரத்திலோ வகையைத் தேர்ந்து வாங்குங்கள். மூன்று நாள் தங்கினால் 72 மணி நேரச் சீட்டு மலிவாக முடியும். வாசாவுக்குப் படகில் போகலாம், டிராம் 7இலும் போகலாம். ஸ்லுசன் படகுத்துறையிலிருந்து போகும் பத்து நிமிடப் பயணத்தைத்தான் நான் பரிந்துரைப்பேன். தனிப் படகுலாவுக்குக் காசு கட்ட வேண்டிய அவசியம் குறைந்துவிடும்.

நேரமிருந்தால் இன்னும் இரண்டு. முதலாவது திரொட்னிங்ஹோல்ம் அரண்மனையை ஒட்டிய நாடக அரங்கம், 1766ல் கட்டியது. 1792ல் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் கொல்லப்பட்ட பிறகு மூடிக் கிடந்து, 1921ல் ஓர் ஆய்வாளர் தூசிக்கடியில் கண்டெடுத்தார். அலை, காற்று, இடியோசை எழுப்பும் மரப்பொறிகளும், கையால் சக்கரம் சுற்றிக் காட்சித் திரைகளை மாற்றும் அமைப்பும் அப்படியே வேலை செய்கின்றன. நம் பழைய நாடகக் கம்பெனிகளின் படுதாக்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இதைத் தவறவிடக்கூடாது. பச்சை வழித்தடத்தில் புரோம்மாபிளானில் இறங்கிப் பேருந்து பிடித்தால் அதே சீட்டில் போய்விடலாம். கோடையில் நகர மண்டபத் துறையிலிருந்து படகும் உண்டு, சுமார் ஒரு மணி நேரம், அதற்குச் சீட்டு தனி. இரண்டாவது கார்லாபிளான் நிலையம் அருகே உள்ள வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு சிறு வெண்கலப் புத்தர், உயரம் சுமார் 8 சென்டிமீட்டர். இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் 6ஆம் நூற்றாண்டு வாக்கில் வார்த்தது. மேலாரன் ஏரியின் ஹெல்கே தீவில் 1950களில் தோண்டி எடுத்தார்கள். சின்னஞ்சிறு பொருள்தான். ஆனால் அந்தக் காலத்து வணிகக் கைகள் எவ்வளவு தூரம் நீண்டன என்று அதன் முன்னால் நின்றால் புரியும்.

பணம், பருவம் பற்றிச் சில வார்த்தை. பல கடைகளிலும் அருங்காட்சியகங்களிலும் ரொக்கம் வாங்கமாட்டார்கள்; குரோனா நோட்டாக மாற்றிக்கொண்டு போவது பயன்படாது. நம் ஊர்க் கடன் அட்டைக்குப் பலர் இரகசிய எண் வைத்திருப்பதில்லை. அங்கே குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் இயந்திரம் அந்த எண்ணைத்தான் கேட்கும். கிளம்புமுன் வங்கியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்லாண்டா விமான நிலையத்திலிருந்து 20 நிமிட விரைவு ரயிலுக்கு நகரச் சீட்டு செல்லாது. 583ஆம் எண் பேருந்தில் மார்ஸ்டா போய்ப் புறநகர் ரயில் பிடித்தால் நகரச் சீட்டே போதும், ஒரு மணி நேரம் ஆகும். நேரே ஆர்லாண்டா நிலையத்தில் புறநகர் ரயில் ஏறினால் நிலையக் கட்டணம் தனியாகக் கேட்பார்கள். மதியச் சாப்பாட்டை வார நாளில் 11 முதல் 2 மணிக்குள் ‘தாகென்ஸ்’ என்ற அன்றைய உணவாகச் சாப்பிட்டால் சாலட், ரொட்டி, காப்பி பெரும்பாலும் சேர்ந்தே வரும். சைவ வகை ஒன்றும் பொதுவாக இருக்கும்.

ஜூனில் மிட்சம்மர் வரும், 19க்கும் 25க்கும் இடைப்பட்ட வெள்ளியன்று. நம் பள்ளி விடுமுறைக்குள் பெரும்பாலும் விழுந்துவிடும். அன்று நகரமே வெறிச்சோடி, கடைகளும் சில அருங்காட்சியகங்களும் மூடிக்கிடக்கும். அந்த நாளை 1891ல் தொடங்கிய ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு வைத்துக்கொண்டால் கம்பம் நட்டு ஆடும் கொண்டாட்டத்தைப் பார்க்கலாம். டிசம்பர் நடுவில் காலை எட்டே முக்காலுக்கு விடிந்து பிற்பகல் மூன்றுக்குள் இருட்டிவிடும். பழைய நகரத்தை 10 மணிக்கு வைத்து, வாசாவையும் சுரங்க ரயிலையும் இருட்டிய பிறகு வையுங்கள். 13ஆம் தேதி லூசியா நாள், மெழுகுவத்திக் கிரீடத்தோடு பாடி வருவார்கள்.

இவ்வளவையும் பார்க்க இரண்டரை நாள் போதும். பயண நிறுவனத்திடம் முன்பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: நகர மண்டபத்துக்குள் எந்தத் தேதி, எத்தனை மணிக்குச் சுற்று? வாசாவில் எத்தனை நிமிடம்? எந்தெந்தச் சீட்டு கட்டணத்தில் அடக்கம்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் வட ஐரோப்பியப் பயணம் பற்றி எழுதும்போது, ‘உள்ளே’, ‘வெளியே’ என்று ஒவ்வோர் இடத்துக்கும் பிரித்துக் குறிப்பிட்டு வெளியிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தெம்பனிஸ்